தேறிய பந்தயக் குதிரையை யாரிடம் ஒப்படைப்பது? விற்பனை, தத்து, வளர்ப்பு, ஓய்வு நிலம்: ஓர் ஒப்பீடு

பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் தரோபிரெட் இனக் குதிரை 2 வயதிலேயே பந்தயத்தில் ஓடத் தொடங்கிவிடுகிறது. பெரும்பாலானவை 10 வயதை எட்டுவதற்கு வெகு முன்பே ஓடுதளத்தை விட்டு விலக்கப்படுகின்றன. ஒழுங்கான பராமரிப்பு கிடைத்தால் அதே குதிரை 25 ஆண்டுகளும் அதற்கு மேலும் உயிர்வாழும். ஆகவே, காயம் ஆறி, எடை கூடி, புதிய இடத்துக்குப் போகத் தயாராக நிற்கும் 6 வயதுக் குதிரையைப் பற்றி எடுக்கப்படும் முடிவு, அதன் வாழ்நாளில் முக்கால் பங்கைத் தீர்மானிக்கும் முடிவாகும். அந்தக் காலம் முழுவதும் அது யார் பொறுப்பில் இருக்கப்போகிறது என்பதே இங்கே கேள்வி.

அதற்கு வழிகள் பல உண்டு. விலைக்கு விற்றுவிடலாம், விலையில்லாமல் கொடுத்துவிடலாம், உரிமையை நம்மிடமே வைத்துக்கொண்டு வளர்ப்புக்கு விடலாம், ஓர் அமைப்பின் வழியாக ஒப்பந்தம் எழுதித் தத்துக் கொடுக்கலாம், சவாரிப் பள்ளிக்கோ சிகிச்சைச் சவாரி மையத்துக்கோ அனுப்பலாம், வாழ்நாள் முழுவதும் மேய்ச்சல் நிலத்தில் ஓய்வாக விடலாம், இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம், தீராத வலி தொடருமானால் கருணைக்கொலையையும் ஒரு வழியாக எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும். இவற்றை ஒப்பிடும்போது நான் முதன்மையாகக் கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான். எடுத்துக்கொள்பவரின் வேலை, உடல்நலம், பணம், ஆர்வம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இத்தனை ஆண்டுகளுக்குள் மாறவே செய்யும்; அப்படி மாறும் நாளில் குதிரை திரும்பி வருவதற்கு வழி வைத்திருக்கிறோமா என்பதே அது. விலை, வசதி, வருபவரின் நல்ல மனம் ஆகிய எல்லாவற்றையும் அதற்குப் பிறகே வைத்துப் பார்க்கிறேன்.

குதிரையின் இன்றைய நிலை

எந்த வழி பொருந்தும் என்பதை முதலில் சொல்வது குதிரையின் கால்கள்தான். பந்தயக் குதிரைகளை ஓடுதளத்திலிருந்து விலக்கும் காயங்களில் மிகப் பரவலானது முன்னங்காலின் பின்புறமாக இறங்கும் மேலோட்டத் தசைநாணில் ஏற்படும் கிழிசல். அது ஆறுவதற்குக் குறைந்தது 9 முதல் 12 மாதங்கள் ஆகும். சில குதிரைகளுக்கு ஒன்றரை ஆண்டுகூட ஆவதுண்டு. வீக்கமும் சூடும் வடிந்து, நொண்டல் மறைந்துவிட்டதை வைத்தே அது ஆறிவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. வெளியே தெரியும் அறிகுறிகள் சில வாரங்களில் அடங்கிவிடும், உள்ளே இழைகள் சீராக அடுக்கப்பட்டிருக்கின்றனவா என்பதை அல்ட்ராசவுண்ட் படம்தான் காட்டும். அப்படி நன்றாக ஆறிய தசைநாணிலும் காயம்பட்ட இடத்தில் உருவாகும் புதிய திசு பழையதைப் போல நெகிழ்வுடன் இருப்பதில்லை. அதனால் அந்தக் குதிரை நடையிலும், டிராட் என்னும் துள்ளுநடையிலும், கேண்டர் என்னும் மிதமான ஓட்டத்திலும் பல்லாண்டுகள் நலமாக இருக்கலாம்; ஆனால் நெடுந்தூர வேகப் பாய்ச்சலும் உயரமான தாண்டல்களும் அதே இடத்தை மறுபடியும் கிழித்துவிடக்கூடும். குதிரையை வாங்க வருபவர் என்ன வேலைக்காகக் கேட்கிறார் என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இதனால்தான்.

எலும்பு முறிவின் கதை சற்று வேறுபட்டது. கணுமூட்டுக்கு மேலுள்ள எலும்பில் ஏற்படும் விரிசல் திருகாணி வைத்துச் சரிசெய்யப்பட்டு, மூட்டின் பரப்பு பாதிக்கப்படாமல் இருந்தால், குதிரை முழு வேலைக்குத் திரும்புவதும் உண்டு. மூட்டுத் தேய்மானம் தொடங்கிவிட்ட குதிரைக்கு அந்த வாய்ப்பு குறைவு. தேய்மானம் நாளாக ஆகக் கூடுமே தவிரக் குறையாது. எனவே, ‘காலில் பழைய காயம் உண்டு’ என்ற ஒற்றை வரியோடு எந்தக் குதிரையையும் யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. எந்தக் காலில், எந்த இடத்தில், எப்போது ஏற்பட்டது, கடைசியாக எடுத்த படத்தில் என்ன தெரிந்தது, கால்நடை மருத்துவர் எந்த வேலை வரை அனுமதித்திருக்கிறார் என்ற விவரங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்.

வயிறும் குளம்பும் அடுத்து வருகின்றன. குதிரையின் வயிற்றில் அமிலம் இடைவிடாமல் சுரந்துகொண்டே இருக்கும். நாள் முழுவதும் மேய்ந்துகொண்டிருக்கும் விலங்குக்கு ஏற்ற அமைப்பு அது. லாயத்தில் அடைத்து, தானியத்தை அதிகமாகவும் புல்லைக் குறைவாகவும் கொடுத்து, கடுமையாக ஓடவிடும் பயிற்சி முறையில் பெரும்பாலான பந்தயக் குதிரைகளுக்கு வயிற்றுப் புண் உண்டாகிவிடுகிறது. அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மருந்தாலும், நாளொன்றுக்கு உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் அளவுக்குப் புல்லும் உலர்புல்லும் கொடுப்பதாலும் அது ஆறும். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு உலர்புல்லாகக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 8 முதல் 10 கிலோ. ஆனால் பயணமும் இடமாற்றமும் தனிமையும் அந்தப் புண்ணை மறுபடியும் கிளப்பிவிடும் என்பதால், ஒரு குதிரையை ஆண்டுக்கு ஓரிடம் என்று மாற்றிக்கொண்டே இருக்கும் எந்த ஏற்பாடும் அதன் உடல்நலத்துக்கே எதிரானது. குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகவே வளரும்; பந்தயத்துக்காக மெல்லிய அலுமினிய லாடம் பூட்டிச் சீவப்பட்ட குளம்பு முழுவதும் புதிதாக வளர்ந்து இறங்க ஏறத்தாழ ஓராண்டு பிடிக்கும். அதுவரை 5 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை நல்ல லாடக்காரர் வந்து பார்த்தே ஆக வேண்டும். உடல் தேறியதா என்பதைக் கண்ணால் ஊகிப்பதற்குப் பதில், 1983-இல் ஹென்னெகி என்ற ஆய்வாளர் வகுத்த, 1 (மிக மெலிந்தது) முதல் 9 (மிகப் பருத்தது) வரையிலான உடல்நிலை மதிப்பெண்ணைப் பயன்படுத்துவது நல்லது. ஐந்தைச் சுற்றி நிற்கும் குதிரையே இடம் மாறத் தகுந்தது. இடமாற்றத்தில் எடை கொஞ்சம் குறையவே செய்யும். ஏற்கெனவே மெலிந்திருக்கும் குதிரைக்கு இழப்பதற்கு ஒன்றும் இராது.

பழக்கத்தைப் பொறுத்தவரை, பந்தயக் குதிரைக்கு எதுவும் தெரியாது என்பவர்களோடு நான் உடன்படவில்லை. வண்டியில் ஏற, லாடம் கட்ட நிற்க, குளிக்க, கூட்டத்துக்கும் இரைச்சலுக்கும் நடுவே போக அது சிறுவயதிலிருந்தே பழகியிருக்கிறது. அது கற்றது வேறு மொழி, அவ்வளவுதான். கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தால் அதன்மேல் சாய்ந்து வேகம் கூட்ட வேண்டும் என்று அது கற்றிருக்கிறது. குதிரையை நிறுத்த நினைக்கும் புதிய சவாரியாளரும் கடிவாளத்தையே இறுக்கிப் பிடிக்கிறார். ஜாக்கியை ஒருவர் காலைப் பிடித்துத் தூக்கி ஏற்றிவிடுவதே வழக்கம் என்பதால், ஏறுபடியின் பக்கத்தில் அசையாமல் நிற்பது அதற்குப் புதிது. சவாரியாளர் கால்களால் விலாவை அழுத்திச் சொல்லும் குறிப்புகளும் அதற்குப் புதியவையே. தனியாக மேய விடப்பட்டாலும், அறிமுகமில்லாத கூட்டத்தில் திடீரென்று சேர்க்கப்பட்டாலும் அது கலங்கும். மரத்தைப் பல்லால் கவ்விக் காற்றை இழுப்பது, நின்ற இடத்திலேயே இடமும் வலமுமாக அசைந்துகொண்டிருப்பது போன்ற பழக்கங்கள் நெடுநாள் அடைபட்டதன் விளைவுகள். வெளியே விட்டபின் குறையலாம், முற்றிலும் மறையாமலும் போகலாம். இவற்றை மறைத்துக் கொடுத்தால் குதிரை சில வாரங்களில் கைமாறிவிடும்.

விற்பதும், விலையில்லாமல் கொடுப்பதும்

விற்பனையின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பணம் கொடுத்து வாங்குபவர் பொதுவாக யோசித்துத்தான் வாங்குகிறார். கிடைக்கும் தொகை அடுத்த குதிரையின் சிகிச்சைக்கு உதவுகிறது. பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பம் இருப்பதில்லை. நல்ல கால்களும் அமைதியான குணமும் உள்ள, ஓராண்டு மறுபயிற்சி பெற்ற இளங்குதிரைக்கு விற்பனை தவறான வழியன்று. ஆனால் பணம் கைமாறிய நொடியில் நமது சொல்லுக்கு இருந்த வலிமை போய்விடுகிறது. ‘விற்க நினைத்தால் முதலில் எங்களுக்கே சொல்ல வேண்டும்’ என்று எழுதி வாங்கலாம். எழுதியே வாங்க வேண்டும். எனினும் ஒப்பந்தம் பொதுவாக அதில் கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். வாங்கியவர் அதை மீறி மூன்றாம் நபரிடம் விற்றுவிட்டால், அந்த மூன்றாம் நபரிடமிருந்து குதிரையை மீட்பது மிகக் கடினம்.

இது வெறும் அச்சமன்று என்பதற்குப் பந்தய வரலாற்றிலேயே இரண்டு பெயர்கள் இருக்கின்றன. எக்ஸெல்லர் என்ற குதிரை 1978-இல் ஜாக்கி கிளப் கோல்ட் கப் பந்தயத்தில் அஃபர்ம்டு, சியாட்டில் ஸ்லூ ஆகிய இரண்டு மும்முடி வெற்றியாளர்களையும் (ஒரே ஆண்டில் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற குதிரைகளையும்) ஒரே ஓட்டத்தில் தோற்கடித்தது. இனப்பெருக்கத்துக்காக ஸ்வீடனுக்கு அனுப்பப்பட்ட அது, அங்கே உரிமையாளரின் பணநெருக்கடிக்கு நடுவில் 1997-இல் இறைச்சிக்கூடத்தில் கொல்லப்பட்டது. 1986-ஆம் ஆண்டின் கென்டக்கி டெர்பியையும் மறு ஆண்டு பிரீடர்ஸ் கப் கிளாசிக்கையும் வென்ற ஃபெர்டினாண்ட் 1994-இல் ஜப்பானுக்கு விற்கப்பட்டு, பொலிக்குதிரையாக அதற்கு மதிப்புக் குறைந்தபின் கைமாறி, 2002-இல் அதே முடிவைச் சந்தித்ததாக 2003-இல் செய்தி வெளியானது. அந்தச் செய்திக்குப் பிறகுதான் சில உரிமையாளர்கள் தங்கள் பொலிக்குதிரைகளின் விற்பனை ஒப்பந்தங்களில் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையைச் சேர்க்கத் தொடங்கினார்கள். இத்தனை புகழ்பெற்ற குதிரைகளுக்கே திரும்பும் வழி இல்லாமல் போயிற்று என்றால், ஒரு பந்தயத்தையும் வெல்லாமல் ஒதுக்கப்பட்ட குதிரையின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

விலையில்லாமல் கொடுப்பது விற்பனையைவிட மோசமான வழி. நல்ல மனத்தோடு செய்யப்படுவதால்தான் இதைக் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘இலவசம், நல்ல இடத்துக்கு மட்டும்’ என்ற அறிவிப்பைப் பார்த்து முதலில் வருபவர்களில், குதிரையை ஏற்றிச் சென்று மறுவாரமே விற்றுவிடுபவரும் இருப்பார். வாங்கும் விலையைக்கூட ஒதுக்க முடியாதவர், அதைப் போலப் பன்மடங்காகும் தீவனச் செலவையும் மருத்துவச் செலவையும் எப்படித் தாங்குவார் என்ற கேள்வியும் இருக்கும். நன்கறிந்த, பல ஆண்டுகளாகக் குதிரை வளர்த்த ஒருவருக்குக் கொடுப்பதானாலும், சிறு தொகை ஒன்றைப் பெற்று ஒப்பந்தம் எழுதிக்கொள்வதே முறை.

உரிமையை வைத்துக்கொண்டு கொடுப்பது

என் அளவுகோலுக்கு மிக நெருக்கமாக வருவது, உரிமையை விட்டுக்கொடுக்காமல் வளர்ப்புக்கு விடும் முறை. எடுத்துக்கொள்பவர் தீவனம், லாடம், பல் பராமரிப்பு, தடுப்பூசி, குடற்புழு நீக்கம் என்று அன்றாடச் செலவுகள் அனைத்தையும் ஏற்கிறார், சவாரி செய்கிறார், தன் குதிரையாகவே பேணுகிறார். ஆனால் அதை விற்கவோ, வேறொருவரிடம் மாற்றவோ, இனப்பெருக்கம் செய்யவோ அவருக்கு உரிமை இல்லை. தம்மால் முடியாமல் போகும் நாளில் அவர் தொலைபேசியில் சொன்னால் போதும், குதிரை திரும்பி வந்துவிடும். 1927-இல் தொடங்கப்பட்டு இன்று வேர்ல்டு ஹார்ஸ் வெல்ஃபேர் என்ற பெயரில் இயங்கும் பிரிட்டிஷ் அமைப்பு, தான் வெளியே கொடுக்கும் குதிரைகளின் உரிமையை வாழ்நாள் முழுவதும் தன்னிடமே வைத்துக்கொண்டு, தன் ஆட்களை அனுப்பி அவற்றை நேரில் பார்த்துவருகிறது. அந்த அமைப்பு பந்தயக் குதிரைகளுக்கென்றே ஏற்பட்டதன்று. ஆனால் அந்த முறையின் பலன் பந்தயக் குதிரைக்கே மிகுதி என்று நினைக்கிறேன், ஏனெனில் பழைய காயம் மறுபடி தலைதூக்கும் சாத்தியம் அதற்குத்தான் அதிகம்.

இந்த முறையின் குறைகளையும் மறைக்கக் கூடாது. உரிமையாளராக நீடிப்பவருக்குச் சட்டப்படியான பொறுப்பும் ஓரளவு நீடிக்கும். குதிரையால் யாருக்கேனும் காயம் ஏற்பட்டால் கேள்வி அவரிடமும் வரக்கூடும் என்பதால், காப்பீடு யார் பெயரில், எதற்கெல்லாம் என்பதை முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். பெரிய அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் செலவு யாருடையது, உரிமையாளரைத் தொடர்புகொள்ள முடியாத நள்ளிரவில் கருணைக்கொலைக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் யாருடையது என்பவை எழுதப்படாமல் விடப்பட்டால் கசப்பில் முடியும். எல்லாவற்றையும்விட முக்கியமான குறை ஒன்று உண்டு: திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை, திரும்ப நிறுத்த இடம் இருக்கும்வரைதான் உரிமை. லாயத்தில் காலி இடமோ, அவசரத்துக்கு வாடகைக்குக் கிடைக்கும் இடமோ, 3 மாதத் தீவனச் செலவுக்குரிய இருப்போ இல்லாதவர் ‘எப்போது வேண்டுமானாலும் திருப்பித் தரலாம்’ என்று எழுதிக் கொடுப்பது வெற்றுச் சொல்.

தனி உரிமையாளருக்கு இதனால்தான் அமைப்பின் வழியாகத் தத்துக் கொடுப்பது பெரும்பாலும் பொருத்தமாகிறது. அவருக்கு வயதாகும், அவரும் ஊர் மாறுவார், நோயில் விழுவார். அமைப்பு அவரைவிட நீண்ட காலம் நிற்கக்கூடியது. அமெரிக்காவில் நியூ வொக்கேஷன்ஸ் 1992 முதல் பந்தயக் குதிரைகளுக்கு மறுபயிற்சி கொடுத்துத் தத்துக் கொடுத்துவருகிறது. பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டில் ரீட்ரெய்னிங் ஆஃப் ரேஸ்ஹார்சஸ், பந்தயத் துறையின் அதிகாரபூர்வ அறக்கட்டளையாகத் தொடங்கப்பட்டது. 2012-இல் உருவான தரோபிரெட் ஆஃப்டர்கேர் அலையன்ஸ், இத்தகைய அமைப்புகளை நேரில் ஆய்வு செய்து அங்கீகாரம் தரும் பணியைச் செய்கிறது. எந்த நாட்டில் இருந்தாலும், ஓர் அமைப்பிடம் குதிரையைக் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை இவையே: வெளியே போன குதிரைகளை எவ்வளவு காலம் பின்தொடர்கிறார்கள், உரிமை எப்போதாவது தத்தெடுத்தவருக்கு மாறுகிறதா, மாறிய பின்னும் திரும்ப ஏற்றுக்கொள்வார்களா, சவாரிக்கு உதவாமல் போன குதிரையை என்ன செய்கிறார்கள். தத்து ஒப்பந்தங்களில் பல, ஓராண்டு கண்காணிப்புக்குப் பிறகு உரிமையை மாற்றிவிடுகின்றன. அந்த ஓராண்டு மிகவும் உதவியானதுதான். எனினும் ஓராண்டில் தெரியாத கோளாறுகள் மூன்றாம் ஆண்டில் தெரியவருவதுண்டு. எனவே, உரிமை மாறாத ஒப்பந்தத்துக்கும் உரிமை மாறும் ஒப்பந்தத்துக்கும் இடையே தேர்வு இருக்குமானால், நான் முன்னதையே எடுப்பேன்.

வேலைக்கு அனுப்புவது

சவாரிப் பள்ளி தேறிய பந்தயக் குதிரைக்கு ஏற்ற முதல் இடமன்று. அங்கே நாளுக்கு நாள், மணிக்கு மணி, முதுகில் உட்காருபவர் மாறுகிறார். பலர் இன்னும் சமநிலை பழகாதவர்கள், கடிவாளத்தைப் பிடித்தே நிலைநிற்பவர்கள். இழுத்தால் வேகம் கூட்டக் கற்ற குதிரைக்கும் இழுத்தே நிற்கும் சவாரியாளருக்கும் இடையே நிகழ்வது விபத்து. தவிரவும், வட்டமான திடலில் நாள்தோறும் பலமுறை சுற்றுவது ஆறிய காலுக்கு நல்லதன்று. வேலை செய்ய முடியாத குதிரையை வைத்துப் பராமரிக்கப் பள்ளியின் வரவும் பெரும்பாலும் இடம்கொடுக்காது. ஓரிரு ஆண்டு மறுபயிற்சிக்குப் பிறகு, தேர்ந்த மாணவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு அனுப்பலாம்.

உடல் அல்லது மன நலச் சிகிச்சைக்காகக் குதிரைகளைப் பயன்படுத்தும் மையங்களைப் பற்றி அப்படி ஒட்டுமொத்தமாகச் சொல்ல முடியாது. முதுகில் ஏற்றிச் செய்யும் சிகிச்சைக்குச் சீரான நடையும் அசைக்க முடியாத பொறுமையும் வேண்டும். அது எல்லா தரோபிரெட்டுக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் ஏறாமலே, பக்கத்தில் நின்று தேய்த்துவிடுவது, நடத்திச் செல்வது, தீவனம் கொடுப்பது என்று தரையிலேயே நடக்கும் திட்டங்களில், சவாரிக்கு உதவாத குதிரையும் மதிப்போடு வாழ இடம் இருக்கிறது. 1983-இல் தொடங்கப்பட்ட தரோபிரெட் ரிடையர்மென்ட் ஃபவுண்டேஷன், மறு ஆண்டே நியூயார்க் மாநிலத்தின் வால்கில் சிறையில் ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளைச் சிறைவாசிகளின் பராமரிப்பில் ஒப்படைத்தது. அங்கே குதிரைகளுக்கு ஆளும் நிலமும் கிடைத்தன, மனிதர்களுக்குத் தொழிலும் பொறுப்பும் கிடைத்தன. குதிரையின் வேகத்தையோ காலின் உறுதியையோ கேட்காத இத்தகைய திட்டங்கள் இன்னும் பெருக வேண்டும் என்பது என் ஆழ்ந்த விருப்பம்.

இனப்பெருக்கத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காயடித்த குதிரைக்கு அது பொருந்தாது. மூட்டு தேய்ந்த பெண்குதிரையின்மேல் 11 மாதச் சினைச் சுமையை ஏற்றி, பிறக்கும் குட்டிக்கும் ஒரு நாள் இதே கேள்வியை உண்டாக்குவதில் குதிரைக்கு எந்த நன்மையும் இல்லை.

ஓய்வு நிலமும் துணைக் குதிரையும்

மேய்ச்சல் நிலத்தில் வாழ்நாள் ஓய்வு என்றதும் எல்லார் மனமும் இளகிவிடுகிறது. ஓடி உழைத்த உயிருக்கு இனி யாரும் முதுகில் ஏறக் கூடாது என்ற எண்ணம் அன்பிலிருந்து வருவதுதான். ஆனால் ஓய்வு நிலங்களில் இடம் எப்போதும் குறைவு. சவாரிக்குத் தகுந்த 6 வயதுக் குதிரை ஒன்று அந்த இடத்தில் 20 ஆண்டுகள் நின்றால், வேறெங்கும் போக முடியாத, கால் நிரந்தரமாகக் கெட்ட குதிரை ஒன்று வெளியே நிற்கிறது. தவிரவும், எல்லாக் குதிரைகளுக்கும் வேலையில்லாத வாழ்க்கை பிடிப்பதில்லை. சில குதிரைகள் வாசலருகே நின்றபடியே நாளைக் கழித்து, மேயாமல் எடை இழந்துவிடுகின்றன. தரோபிரெட்டின் தோல் மெல்லியது. குளிரிலும் இடைவிடாத மழையிலும் கூரையில்லாமல் நின்றால் மற்ற இனங்களைவிட விரைவாக மெலியும். ‘புல் இருக்கிறது, அதுவே மேய்ந்துகொள்ளும்’ என்பது பராமரிப்பாகாது. ஓய்வில் இருக்கும் குதிரைக்கும் லாடக்காரரும் பல் மருத்துவமும் சாணப் பரிசோதனையும் நாளொன்றுக்கு 30 லிட்டருக்குக் குறையாத தண்ணீரும் வேண்டும். ஓய்வு இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் வரவு எங்கிருந்து வருகிறது என்பதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஒரே ஒருவரின் உழைப்பாலும் ஒரே ஒருவரின் கொடையாலும் நடக்கும் இல்லம், அவருக்குப் பின் என்னவாகும் என்பதைச் சொல்ல முடியாவிட்டால், அங்கே குதிரைக்குத் திரும்பும் வழி இல்லை.

துணைக் குதிரையாக அனுப்புவது இதைவிட எளிதில் கிடைக்கும் வழி. குதிரை கூட்டமாக வாழும் விலங்கு; தனியாக ஒரு குதிரையை வைத்திருப்பவருக்கு இன்னொன்று தேவைப்படுகிறது. கேண்டரில் நொண்டினாலும் மேய்ச்சலில் வலியின்றி நடமாடும் குதிரைக்கு இது நல்ல வாழ்க்கை. இதில் உள்ள ஆபத்து எளிதில் கண்ணில் படாது: முதல் குதிரை இறந்துவிட்டாலோ விற்கப்பட்டாலோ, துணைக்கு வந்த குதிரையின் தேவை அன்றோடு முடிந்துவிடுகிறது. ஆகவே, துணைக் குதிரையை உரிமையை வைத்துக்கொண்டு வளர்ப்புக்கு மட்டுமே கொடுக்க வேண்டும், விற்கக் கூடாது. எடுத்த எடுப்பில் பரந்த வெளியில் அவிழ்த்துவிடவும் கூடாது. மாதக்கணக்கில் அடைபட்டிருந்த குதிரை முதல் நாளே நாலுகால் பாய்ச்சலில் ஓடி, ஆறிய தசைநாணை அங்கேயே கிழித்துக்கொள்ளும். சிறு திடலில் தொடங்கி, அமைதியான ஒரு குதிரையைத் துணைக்கு விட்டு, பரப்பை வாரவாரமாகக் கூட்ட வேண்டும்.

கருணைக்கொலையைத் தோல்வி என்று எழுதுபவர்களைப் படித்திருக்கிறேன். நான் அப்படி எண்ணவில்லை. மருந்தில்லாமல் நிற்க முடியாத அளவுக்கு வலி உள்ள குதிரையை, ‘யாராவது எடுத்துக்கொள்வார்கள்’ என்று கைமாற்றுவது அதன் கடைசி மாதங்களை அந்நியர்களிடையே கழிக்கச் செய்வதாகும். மருத்துவர் இருவரின் கருத்தைக் கேட்டு, பழகிய இடத்தில், பழகிய கைகளுக்கு நடுவே அமைதியாக விடைகொடுப்பது அதைவிடப் பெரிய அன்பு. சவாரிக்கு உதவாது என்பது மட்டும் இதற்குக் காரணமாகிவிடக் கூடாது என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும்.

மூன்று குதிரைகளைக் கொண்டு பார்த்தால்

தசைநாண் ஆறி, நடையிலும் டிராட்டிலும் கேண்டரிலும் சீராக இருக்கும் 6 வயதுக் காயடித்த குதிரை ஒன்றை எண்ணிக்கொள்வோம். அதை ஓய்வு நிலத்துக்கு அனுப்ப மாட்டேன், சவாரிப் பள்ளிக்கும் அனுப்ப மாட்டேன். அனுபவமுள்ள, வேகத்தையும் தாண்டலையும் நாடாத தனிச் சவாரியாளர் ஒருவரிடம் உரிமை மாறாத வளர்ப்புக்குக் கொடுப்பேன். சேணமும் சவாரியாளரும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்ற பொது வரம்பை, ஆறிய காலுள்ள குதிரைக்கு இன்னும் சற்றுக் குறைத்தே வைப்பேன்.

கணுமூட்டுத் தேய்ந்த 9 வயதுப் பெண்குதிரை என்றால் விற்பனை என்ற பேச்சே எழக் கூடாது; துணைக் குதிரையாக வளர்ப்புக்கு, அது கிடைக்காவிட்டால் தரையில் மட்டும் நடக்கும் சிகிச்சைத் திட்டத்துக்கு, இரண்டும் இல்லாவிட்டால் ஓய்வு நிலத்துக்கு. கால்களில் குறையே இல்லாத, ஆனால் எதற்கும் மிரளும் 4 வயதுக் குதிரைதான் மூன்றிலும் கடினமானது. காயம் இல்லை என்பதாலேயே அதை விரைவாக விற்றுவிடத் தோன்றும். மறுபயிற்சியில் தேர்ந்த அமைப்பிடம் அதைக் கொடுத்து, அவர்கள் அவசரமின்றித் தகுந்த இடம் தேடக் காத்திருப்பதே சரி. மிரளும் குதிரையை அனுபவமற்றவர் எடுத்துச் சென்றால், இருவரில் ஒருவர் காயப்படாமல் அந்த ஏற்பாடு முடிவதில்லை.

ஒப்படைக்கும் முறை

எந்த வழியைத் தேர்ந்தாலும், எடுத்துக்கொள்பவர் முதலில் குதிரை இருக்கும் இடத்துக்குப் பலமுறை வர வேண்டும். அவரே தேய்த்து, சேணம் பூட்டி, நடத்தி, ஏறிப் பார்க்க வேண்டும். பிறகு நாம் அவர் இடத்துக்குப் போக வேண்டும். வேலி முள்கம்பியாக இருந்தால் அதை மாற்றும்வரை குதிரை போகக் கூடாது. மெல்லிய தோலும் வேகமும் கொண்ட விலங்குக்கு அதைவிடக் கொடியது வேறில்லை. நிழல், தண்ணீர், துணைக்கு இருக்கும் குதிரைகள், அருகில் வரக்கூடிய கால்நடை மருத்துவர், லாடக்காரர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அவருடைய பழைய குதிரைகள் என்னவாயின என்று கேட்க வேண்டும்; ஒரு குதிரையை அதன் முதுமைவரை வைத்திருந்தவரின் சொல்லுக்கு, எந்தச் சான்றிதழையும்விட அதிக மதிப்புக் கொடுப்பேன்.

குதிரையோடு அதன் அடையாள ஆவணமும், மைக்ரோசிப் எண்ணும், காயத்தின் படங்களும், தடுப்பூசிப் பதிவும், கடைசியாக லாடம் கட்டிய நாளும், இப்போது உண்ணும் தீவனத்தின் அளவும் எழுத்தில் போக வேண்டும். பழைய உலர்புல்லில் இரண்டு வாரத்துக்குத் தேவையானதை உடன் அனுப்பி, புதியதைச் சிறிது சிறிதாகக் கலக்கச் சொல்ல வேண்டும்; தீவனத்தைத் திடீரென்று மாற்றுவது கோலிக் எனப்படும் வயிற்றுவலிக்கு நேராக இட்டுச் செல்லும், பசும்புல்லில் திடீரென்று விடுவது குளம்பழற்சியையும் கொண்டுவரலாம். முதல் வாரத்தில் சவாரி வேண்டாம். முதல் மாதம் வாரந்தோறும், பிறகு ஓராண்டு வரை மாதந்தோறும் பக்கவாட்டில் எடுத்த புகைப்படம் ஒன்று வர வேண்டும்; அவ்வப்போது நேரிலும் போய்ப் பார்க்க வேண்டும். ஒப்படைத்த முதல் 3 மாதங்களுக்கு அந்தக் குதிரையின் லாய இடத்தில் வேறு குதிரையைக் கட்ட வேண்டாம். ஏற்பாடு பொருந்தவில்லை என்பது பெரும்பாலும் அந்தக் காலத்துக்குள்தான் தெரியவரும். எடுத்தவர் தயக்கமின்றி அதைச் சொல்வதற்கு, இடம் காலியாக இருக்கிறது என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.